குருதி வற்றிய கையில் கொழுந்து பெருகுமா?

வட்டவளை மழைக்குப் பேர்போன ஊர். ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் அம்மலைச் சரிவுகளில், இடுப்பில் படங்கும் காலில் அட்டைக்கடியுமாக நம் தாய்மார் காலையில் நிரை ஏறுகின்றனர். மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசு அவர்களுக்குத் தீர்ப்பு வழங்குகிறது. நிர்ணயித்த கிலோ நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஏன் குறைந்தது என்று தராசு கேட்பதில்லை. அதனருகே நின்று கணக்கெழுதுபவரும் கேட்பதில்லை. கேட்கக் கடமைப்பட்டவர்களாகிய கம்பனியாரும் சர்க்காரும் என்றேனும் கேட்டதுண்டா என்பதே இன்று நாம் எழுப்பும் வினா.

தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனித் தரப்பிலிருந்து ஒரே பல்லவி ஒலிப்பதை வாசகர்கள் அறிவர். முதலில் உற்பத்தித்திறன் உயரவேண்டுமாம். சம்பளம் அதன் பின்னே தானாக வருமாம். 2015-இல் எழுந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021-இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. 2024-இல் அது 1350 ரூபாவாயிற்று. இவ்வளவு காலமும் அந்தப் பல்லவி ஓயவில்லை. அவ்வாதத்தில் உண்மை அறவே இல்லையென்று சாதிக்க நாம் முன்வரவில்லை. தேயிலை உலகச் சந்தைக்குப் போகும் பண்டம். கென்யாவும் அசாமும் நம்மோடு போட்டியிடுகின்றன. ஒரு கிலோ கொழுந்து பறிக்க ஆகும் செலவு கம்பனிக் கணக்கில் கனக்கவே செய்யும். ஆயினும், அந்த உற்பத்தித்திறன் பிறப்பது எங்கே? உரமூட்டையிலும் கத்தரித்த செடியிலும் மட்டுந்தானா? கொழுந்து கிள்ளும் விரலுக்கு வலுவூட்டும் குருதியில் அதற்குப் பங்கில்லையா?

இது மேடைப் பேச்சு அன்று. நம் மலைநாட்டிலேயே சோதித்து நிலைநாட்டப்பட்ட உண்மை. 1979-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. எட்ஜர்ட்டன் முதலிய அமெரிக்க ஆய்வாளரோடு இந்நாட்டு வைத்தியர்களும் அதில் பங்குகொண்டனர். தமிழ் மக்களின் உரிமைக்காகப் பின்னாளில் ஓயாது குரல்கொடுத்த சிங்களப் பெருமகன் வைத்தியர் பிரயன் செனவிரத்ன அவர்களுள் ஒருவர். அவர்கள் ஆராய்ந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளரை, பெரும்பாலோர் பெண்கள். இரும்புச் சத்துக் கொடுத்து ஈமோகுளோபின் உயர்ந்தபோது அவர்கள் பறித்த கொழுந்தின் நிறையும் உயர்ந்தது. உயராதவர்களிடம் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. குருதி மிகவும் வற்றியிருந்தோரிடமே முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது. மூன்றே வாரச் சிகிச்சைக்குப் பின், அன்றாட நடமாட்டத்திலும் அவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாயிருந்தனர்.

அப்படியாயின், அரைப் பேர் வாங்கித் தலைகுனிந்து லயத்துக்குத் திரும்பிய பெண் சோம்பேறி அல்லள், நோயாளி. அவளுடைய நோயோ வைத்திய உலகம் தீர்க்க அறியாத கொடுநோயுமன்று; மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படும் குருதிச்சோகை. இந்த உண்மை அச்சேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சம்பளப் பேச்சு மேசையில் கொழுந்தின் நிறையைக் குறித்த கணக்கேடுகள் குவிகின்றன. பறிப்பவரின் ஈமோகுளோபினைக் குறித்த ஓர் ஏடாவது அங்கே வைக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

குருதி ஏன் வற்றுகிறது? ஈர மண்ணும் வெறுங்காலும் மலசலகூடமற்ற லயமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கொளுக்கிப் புழு குடிகொள்ளும். மண்ணிலே பொரித்து வளரும் நுண்புழு பாதத் தோலைத் துளைத்து உட்புகுந்து, நுரையீரல் வழியாகக் குடலையடைந்து, அங்கே பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகிறது. வெளியே தெரியும் அட்டையைச் சுண்ணாம்பு தடவியோ உப்பிட்டோ உதிர்த்துவிடலாம். உள்ளே ஒட்டிய அட்டையை எதைத் தடவி உதிர்ப்பது? அடுத்தடுத்த பிள்ளைப்பேறும், கோதுமை மா ரொட்டியும் சம்பலுமாகிய சாப்பாடும் மிச்சமிருப்பதையும் குறைக்கின்றன. இங்கே இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விடமுடியவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேத்தண்ணீர், உணவிலுள்ள சிறிதளவு இரும்பையும் உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் இயல்புடையது. தான் பறித்த இலையே தன் குருதிக்குப் பகையாவதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல மருந்துக் காம்பிராவில் யாருக்கும் அவகாசமில்லை.

இந்தப் புழுவின் கதை புதியதன்று. அமெரிக்காவின் ரொக்பெலர் நிறுவனத்தார் 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் துரைமாரிடம் தருமம் பேசவில்லை, இலாபமே பேசினர். புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான், மருத்துவச் செலவு குறையும் என்பதே அவர்கள் காட்டிய கணக்கு. துரைமார் பலர் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து குடிக்க வைத்தனர். மருந்து குடித்துப் படுத்த நாட்களில் வேலை கெடுகிறதே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் மலசலகூடம் கட்டுங்கள் என்றபோது பலருடைய கை சட்டைப்பைக்குப் போகவில்லை. விளைவு எவரும் ஊகிக்கக் கூடியதே. மருந்தால் வெளியேறிய புழு மண்ணிலிருந்து மறுபடியும் பாதத்துக்கு ஏறிற்று. குடலைக் கழுவினார்கள், மண்ணைக் கழுவவில்லை. இதே இயக்கம் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தபோது, புழு நீங்கிய ஊர்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியதையும், அவர்கள் வளர்ந்தபின் ஈட்டிய வருமானம் உயர்ந்ததையும் பிளீக்லி என்ற பொருளியலறிஞர் 2007-இல் கணக்கிட்டுக் காட்டினார். அங்கே புழுவோடு வறுமையும் ஓரளவு ஒழிந்தது. இங்கே 1994-இல், தோட்டப்புறக் கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்த அத்துகோரள குழுவினர், இரும்புச் சத்து மட்டும் கொடுத்தாற் போதாது, புழுமருந்தும் சேர்த்துக் கொடுத்தால்தான் நற்பயன் மிகும் என்று எழுதவேண்டியிருந்தது. 1916-இற்கும் 1994-இற்கும் இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகள்!

மலைநாட்டை ஒருபுறம் வைத்து, இத்தீவு முழுமையையும் நோக்குவோம். 1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய் எண்பதினாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. 1946 முதல் டி.டி.ரி. தெளிப்பு பரந்த அளவில் நடந்தது. ஆயிரத்துக்கு இருபதை அண்டியிருந்த மரண வீதம் ஒரே ஆண்டில் பதினான்கை அண்டி இறங்கிற்று. அந்த இறக்கம் முழுவதும் டி.டி.ரி.யின் கைங்கரியமா, வைத்தியசாலைகளுக்கும் உணவு மானியத்துக்கும் எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். காரணம் எதுவாயினும், காய்ச்சலுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டிருந்த உலர்வலய நிலம் மீண்டும் கலப்பையைக் கண்டது. வன்னியிலும் கிழக்கிலும் குளத்துக் கீழ் வயல் செய்யும் நம் கமக்காரர் இதை அனுபவத்தால் அறிவர். அந்நிலங்களில் யாரை எப்படிக் குடியேற்றினார்கள் என்ற அரசியல் வேறு கதை. அதை இப்பத்தியில் கிளறவில்லை.

அதே காலத்தில் இன்னொரு மாற்றம், அரவமின்றி, அதனினும் ஆழமாக நிகழ்ந்தது. பிரசவத்தில் தாய்மார் இறக்கும் அபாயம் 1946-இற்கும் 1953-இற்கும் இடையில் நூற்றுக்கு எழுபது அளவு குறைந்தது. மருத்துவமாதரும் கிராமத்து வைத்தியசாலைகளும் புதிய மருந்துகளும் செய்த சாதனை இது. இதனால் நாட்டின் செல்வத்துக்கு என்ன இலாபம் என்று கேட்பவர்க்கு, ஜயச்சந்திரன், லியராஸ்-மியூனி என்ற இரு பெண் அறிஞர் 2009-இல் விடை எழுதினர். மகள் பிள்ளைப்பேற்றில் மாளமாட்டாள் என்ற நம்பிக்கை பிறந்ததும், பெற்றோர் அவளைக் கூடுதல் காலம் பள்ளியில் வைத்தனர். பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 2.5-உம், அவர்கள் கற்ற ஆண்டுகள் நூற்றுக்கு 4-உம் உயர்ந்தன. ஆயுள் நீளும் என்று தெரிந்தால் மனிதன் நாளைக்கென விதைப்பான். நாளை உண்டோ இல்லையோ என்று ஐயுற்றவன் விதைநெல்லையும் குற்றி உண்பான். உழவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே 1948-இல் நடந்தது என்ன? சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, தீவின் ஏற்றுமதிச் செல்வத்தைத் தோளில் சுமந்த இலட்சக்கணக்கான மக்களை நாடற்றவர்களாக்கிற்று. வாக்கில்லாதவனின் வாசலுக்கு எந்த மந்திரி வருவார்? அவனுக்கு வைத்தியசாலை கட்டுவதால் எந்தத் தொகுதி கிடைக்கும்? கிராமத்து மக்களின் சுகம் சர்க்காரின் பொறுப்பாக, லயத்து மக்களின் சுகம் தோட்டத்துரையின் தயவாக இருந்தது. இந்த இரட்டை ஏற்பாட்டின் விலையை 1973-74-இல் நம் மக்கள் உயிரால் கொடுத்தனர். உலகமெங்கும் தானிய விலை ஏறி, அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கிய அந்நாட்களில், கிராமத்தான் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியேனும் நட்டு உயிர்பிழைத்தான். தோட்டத்தானுக்கு அந்தத் துண்டு நிலமும் இல்லை. 1974-இல் தோட்டப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் மாண்டவை நூற்றைத் தாண்டின. நாட்டின் சராசரியோ ஐம்பதை அண்டியிருந்தது. ஒரே தீவு, ஒரே ஆண்டு!

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். குழந்தை மரணம் பெருமளவு குறைந்துவிட்டது, வாக்குரிமை மீண்டது, 2016-இல் இலங்கையை மலேரியாவற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் பிழைத்த பிள்ளை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3, தோட்டப்பகுதியில் 31.7. பத்தாண்டு முன்னர் தோட்டப்பகுதியின் எண் 40.2 ஆக இருந்தது. முன்னேற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவில் குறுகி நிற்கும் தலைமுறையைக் கொண்டு உற்பத்தித்திறன் பேசுவோர் எதை அளக்கப் போகின்றனர்? குள்ளம் உயரத்தோடு நிற்பதில்லை. இரண்டு வயதுக்குள் உணவின்றி வாடிய மூளை பள்ளிக்கூடத்தில் தடுமாறுகிறது. தடுமாறிய பிள்ளை இடையில் நிற்கிறது. நின்ற பிள்ளை கொழும்புக் கடையிலோ வீட்டு வேலையிலோ மறைகிறது. பின்னர், தோட்டத்தில் கொழுந்தெடுக்க ஆளில்லையே என்று அதே கம்பனியார் கைபிசைகின்றனர்.

ஆயுள் நீண்டால் செல்வம் தானே வளரும் என்ற எளிய சூத்திரத்தையும் நாம் விற்க வரவில்லை. ஓராண்டு ஆயுள் கூடினால் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு நான்களவில் கூடுமென்று 2004-இல் புளூம், கனிங், செவில்லா என்ற மூவர் கணித்தனர். 2007-இல் அசிமோக்லு, ஜோன்சன் என்ற இருவர் அதை மறுத்தனர். அவ்விருவரும் 2024-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோர். அவர்கள் சொல்லை அலட்சியம் செய்ய முடியாது. கொள்ளைநோய்கள் ஒழிந்ததும் ஜனத்தொகை பெருகிற்று, ஆனால் நிலமும் மூலதனமும் அவ்வேகத்தில் பெருகாமையால் ஆள்வீத வருமானம் உயரவில்லை என்பது அவர்கள் வாதம். இலங்கையே அதற்கொரு சாட்சி போலத் தோன்றும். இத்தீவு மக்களின் ஆயுள் விரைந்து நீண்டும், சிங்கப்பூரைப் போல நாம் செல்வந்தராகவில்லை.

இருந்தும் அவ்வாதம் நம் கோரிக்கையைத் தொடவில்லை என்றே கருதுகிறோம். மரணத்தைத் தள்ளிப்போடுவது ஒன்று; உயிரோடிருப்பவனுக்கு வலுவூட்டுவது வேறொன்று. மலைநாட்டில் முதலாவது பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. இரண்டாவது கைகூடவில்லை. சாகாமல் காத்துவிட்டு, குருதிச்சோகையோடும் குறுகிய உடம்போடும் உழைக்கவிட்டால் நாட்டுக்கு வருவது நீண்ட ஆயுள், நீண்ட உழைப்பன்று. அத்தோடு நிலமும் வேண்டும். நீண்ட ஆயுளை எங்கே கழிப்பது? ஐம்பது வயது கடந்த பெண் சேமலாப நிதியை ஒரே தொகையாக எடுக்கிறாள். அது கலியாணத்துக்கும் கடனுக்குமாகக் கரைகிறது. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் இல்லை. வேலையோடு பிணைந்த லயக் காம்பிராவில், மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் மூலையில் ஒரு பாய் விரிக்க இடம். அறுபதிலும் எழுபதிலும் வாழக் கொடுத்துவைத்த முதியவள், அவ்வாழ்வைப் பிள்ளைகள்மீது சுமையாக உணர்கிறாள். சொந்தக் காணியும் நாலு கோழியும் ஒரு பசுவும் இருந்தால் அவளும் உற்பத்தியாளரே அன்றோ?

தமிழகத்தில் காமராசர் 1956-இல் பள்ளிப்பிள்ளைகளுக்கு மதிய உணவளித்தபோதும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும், இவ்வளவு பணம் விரயமாகிறதே என்று கேட்டவர்கள் இருந்தனர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அங்குள்ள தொழிற்சாலைகளில் நிற்கின்றனர். தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் வெறும் ரொட்டியோடு நிரையில் நிற்க வேண்டுமா?

ஆகவே சர்க்காருக்கும் கம்பனியாருக்கும் நாம் விடுக்கும் கோரிக்கை இது. கர்ப்பிணிகளுக்கு மட்டுமின்றி, கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுக்கு இருமுறை ஈமோகுளோபின் பரிசோதனை நடத்துக. இரும்பு மாத்திரையும் புழு மாத்திரையும் கிளினிக்கில் காத்துக்கிடக்க வேண்டாம். கொழுந்து மடுவத்துக்கே வரட்டும். அவை மருந்துகளுள் மிக மலிவானவை. அவற்றை வாங்கப் பணமில்லை என்று எந்தக் கம்பனியும் சொல்லமுடியாது. மலசலகூடமும் சுத்தமான குடிநீரும் இல்லாத லயம் ஒன்றும் மிஞ்சக்கூடாது. 1916-இல் செய்யத் தவறியதை இப்போதாவது செய்க. மலையில் மதியச் சாப்பாடு, பயறோ கடலையோ கீரையோ சேர்ந்ததாக, வேலை நேரத்துக்குள்ளேயே கொடுக்கப்படட்டும். அதன் செலவையும் அதனால் கூடும் கொழுந்தையும் இரண்டாண்டு கணக்கெழுதிப் பார்த்துவிட்டு வாதாட வாருங்கள். தோட்ட மருந்துக் காம்பிராக்களைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை தவணை முறையில் இழுபட்டு வருவது போதும். வட்டவளைத் தாய்க்கும் வவுனியாத் தாய்க்கும் ஒரே தரமான வைத்தியர் கிடைக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இதுவரை ரூபாவுக்காகப் போராடினீர்கள், அது சரியே. ஆனால் கூட்டொப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்தால் கிலோவைப் பற்றிய சொற்கள் மலிந்தும், சாப்பாட்டையும் குருதியையும் பற்றிய சொற்கள் அருகியும் கிடக்கின்றன. சந்தாப் பணம் கட்டுபவளும் அந்தக் குருதிச்சோகைக்காரிதான். அடுத்த முறை சம்பள நிர்ணய சபையில் கம்பனியார் உற்பத்தித்திறன் என்று வாய்திறக்கும்போது, 1979-ஆம் ஆண்டின் அந்த ஆய்வுக் கட்டுரையை மேசைமீது வைத்து, அவரவர் தோட்டத்துப் பெண்களின் ஈமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். விடை வரும்வரை கிலோவைப் பற்றிப் பேச உட்கார வேண்டாம்.